இரண்டு துவிச்சக்கர வண்டிகளும் பதினாலாயிரம் மைல்களும்

1904 ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பயண நூல் வெளிவந்தது. 'நகரினூடும் கானகத்தினூடும்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். இந்தியச் சமவெளியின் கோயில்களையும் மக்களையும் தேடித் துவிச்சக்கர வண்டியிலே பதினாலாயிரம் மைல் சென்ற கதை அது. எழுதியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அட்டையில் மனைவியின் பெயரும் கணவனின் பெயருக்கு நிகராக இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் அது அரிதான காரியம்.

பத்திரிகையில் ஞாயிறு வெளியீட்டுக்குப் பொறுப்பாக இருந்த காலத்திலே பழைய பயண நூல்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. நம்மைப் பற்றி அந்நியர் எழுதியவற்றில் நம் முகமும் தெரியும், அவர்கள் முகமும் தெரியும் என்பதே அந்த ஆர்வத்துக்குக் காரணம். அவ்வாறு அறிமுகமானவர்கள்தாம் ஃபானி புல்லொக் வேர்க்மன், வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் தம்பதியர். அப்போது அவர்கள் எனக்கு ஒரு சுவையான துணுக்குச் செய்தி மட்டுமே. இன்று நானும் ஐம்பதைத் தாண்டிய பின்னர் அவர்களைத் திரும்பவும் படிக்கும்போது, சுவைக்கு அப்பால் சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இவர்கள்?

வில்லியம் 1847 இலும் ஃபானி 1859 இலும் பிறந்தவர்கள். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரம் அவர்களது ஊர். ஃபானியின் தந்தை அலெக்சாந்தர் புல்லொக் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். வில்லியம் ஒரு வைத்தியர். 1882 இல் திருமணம் நடைபெற்றது. பன்னிரண்டு வயது வித்தியாசம். இரு குடும்பங்களும் பெருஞ் செல்வம் படைத்தவை. இவர்களது சாதனைகளைப் பேசும்போது இந்தச் செல்வத்தை மறந்துவிடுதல் ஆகாது. உழைத்து உண்ண வேண்டிய எவருக்கும் இரண்டரை ஆண்டு விடுமுறை கிடைப்பதில்லை.

1889 இல் உடல்நலக் குறைவு காரணமாக வில்லியம் வைத்தியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். குடும்பம் ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ட்றெஸ்டன் நகரில் அவர்கள் வாழ்ந்த காலத்தில், சீக்ஃபிரீட் என்ற நான்கு வயது மகன் 1893 இல் நோயுற்று இறந்தான். எஞ்சியவள் மகள் றேச்சல் மட்டுமே.

இந்த இழப்பின் பின்னர் பெற்றோர் இருவரும் வீட்டில் தங்கியது மிகக் குறைவு. 1890 களின் நடுப்பகுதியில் அல்ஜீரியாவிலும் ஸ்பெயினிலும் துவிச்சக்கர வண்டியில் நெடும்பயணங்கள் செய்து இரு நூல்கள் எழுதினர். றேச்சல் பெரும்பாலும் பிறர் பராமரிப்பிலும் இங்கிலாந்தின் உறைவிடப் பாடசாலையிலும் வளர்ந்தாள். துயரத்திலிருந்து ஓடினார்களா, ஆர்வத்தை நோக்கி ஓடினார்களா என்று தீர்ப்புச் சொல்வது நமக்கு எளிதன்று. இரண்டும் ஒரே தெருவாகவும் இருக்கக்கூடும்.

வண்டியின் காலம்

அக்காலத்தில் துவிச்சக்கர வண்டி என்பது வெறும் வாகனம் அன்று. இரு சில்லுகளும் ஒரே அளவாக அமைந்த 'பாதுகாப்பு' வண்டியை ஜோன் ஸ்ராலி 1885 இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். காற்றடைத்த ரயரை ஜோன் டன்லொப் 1888 இல் உருவாக்கினார். இவ்விரண்டும் சேர்ந்தபோது, குதிரையும் வண்டிக்காரனும் ஆண் துணையும் இல்லாமலே ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே போக முடிந்தது. உலகில் வேறெதையும்விடப் பெண் விடுதலைக்குத் துவிச்சக்கர வண்டியே அதிகம் செய்திருக்கிறது என்ற கருத்தை அமெரிக்கப் பெண்ணுரிமைத் தலைவி சூசன் அந்தனி 1896 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதே வண்டியில் ஃபானி கீழைத்தேசம் வந்தார்.

1897 நவம்பரில் பயணம் தொடங்கியது. அப்போது வில்லியத்துக்கு வயது ஐம்பது. ஃபானிக்கு முப்பத்தெட்டு. உடல்நலமில்லை என்று தொழிலைக் கைவிட்ட மனிதர், எட்டு ஆண்டுகளின் பின் வெப்பமண்டல வெயிலில் வண்டி மிதிக்கத் தொடங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று அப்பயணம் இரண்டரை ஆண்டுகள் நீண்டது. இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை மட்டும் சுமார் நான்காயிரம் மைல்.

அவர்கள் வண்டியில் ஏற்றிச் சென்றவற்றின் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. தேயிலை, சீனி, பிஸ்கற், பாற்கட்டி, தகரத்தில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருட்கள், மருந்துப் பெட்டி, வண்டி திருத்தும் கருவிகள். புகையிரதப் பாதைகளுக்கு அண்மையான பெருந்தெருக்களையே தெரிவு செய்தனர். தங்குமிடம் கிடைக்காத இரவுகளில் புகையிரத நிலையத்தின் காத்திருப்பு அறையே படுக்கையறை. எலிகள் ஓடும் அறைகள், நுளம்புக் கூட்டம், சில இடங்களில் உணவே கிடைக்காத நிலை. ஒரே நாளில் நாற்பது தடவை வரை ரயர் ஓட்டையாகி ஒட்டுப்போட நேர்ந்ததும் உண்டு.

நாற்பது ஒட்டு என்பதன் பொருள் யாழ்ப்பாணத்தில் 1990 க்கும் 1995 க்கும் இடையில் வாழ்ந்த எவருக்கும் விளங்கும். பெற்றோல் இல்லாத அக்காலத்தில் குடாநாடே துவிச்சக்கர வண்டியில்தான் ஓடியது. செய்தி சேகரிக்க நான் போனதும் அதில்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதில்தான். ஒரு நாளில் மூன்று ஒட்டுப் போட்டாலே மனம் சோர்ந்துவிடும். நீண்ட பாவாடையும் தலையில் வெயிற்தொப்பியுமாக ஒரு பெண்ணும், நரைத்த தாடியுடன் ஒரு மனிதரும், முட்கள் நிறைந்த தெருவோரத்தில் நாற்பதாவது ஒட்டைப் போடும் காட்சியை என்னால் மரியாதையின்றி நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தலையணையை ஆர் சுமந்தது?

மேற்சொன்ன பட்டியலை ஒருநாள் மாலை வீட்டில் உரத்து வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "இஞ்சேருங்கோ, உந்தத் தலையணையளை ஆர் சுமந்தது?" என்று கேட்டார். பத்திரிகையாளனாகிய எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி அது.

விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. சமவெளியில், வண்டியில் இருந்தவற்றை அவர்களே சுமந்தார்கள். அந்த வரையில் அது நேர்மையான உழைப்பு. மலையில் நிலைமை வேறு.

1898 கோடையில் சமவெளியின் வெப்பத்தைத் தவிர்க்க அவர்கள் காஷ்மீருக்கும் லடாக்குக்கும் சென்றனர். அங்கே வண்டிகளை விட்டுவிட்டு, 14,000 முதல் 18,000 அடி வரை உயர்ந்த கணவாய்களைக் கால்நடையாகக் கடந்தனர். மலை அவர்களை ஆட்கொண்டது அப்போதுதான். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் சிக்கிம் ஊடாகக் கஞ்சன்ஜங்காப் பகுதிக்குப் பெருஞ்செலவில் ஒரு பயணம் ஏற்பாடாயிற்று. பருவம் பிந்திவிட்டது. சுமைகாரர்கள் நாளொன்றுக்கு நடக்கக்கூடிய தூரம் இவ்வளவு என்றார்கள். தம்பதியருக்கு அது போதவில்லை. பனிக்கோட்டை எட்டிய சில நாட்களில், இந்தக் குளிரில் இதற்குமேல் வர மாட்டோம் என்று சுமைகாரர்கள் மறுத்துவிட்டனர். பயணம் தோல்வியடைந்து எல்லோரும் டார்ஜிலிங் திரும்பினர்.

வேர்க்மன் தம்பதியர் தம் நூல்களில் சுமைகாரர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறைகூறினர். சோம்பேறிகள், சொற்கேளாதவர்கள் என்பது அக்குற்றச்சாட்டின் சாரம். பிற்காலத்தில் இமயமலைப் பயணங்களின் வரலாற்றை எழுதிய கென்னத் மேசன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் இதனை வேறு விதமாகப் பார்த்தார். இத்தம்பதியர் பொறுமையற்றவர்கள், சுமைகாரரின் மனநிலையை அறிய அரிதாகவே முயன்றவர்கள், ஆகவேதான் அவர்களிடமிருந்து சிறந்த உழைப்பைப் பெற முடியவில்லை என்பது அவரது கணிப்பு.

சற்று எண்ணிப் பாருங்கள். கம்பளி உடையும் கூடாரமும் உள்ளவருக்கு அந்தக் குளிர் வீரம். மெல்லிய உடையோடு பிறர் பொருளைச் சுமப்பவருக்கு அது மரணபயம். 'வர மாட்டோம்' என்ற அவர்களது சொல்லைக் கலகம் என்று எழுதியது ஒரு தரப்பின் பேனா. மறுதரப்பிடம் பேனா இருக்கவில்லை.

கல்லைக் கண்டவர்கள்

இவர்கள் பயணம் செய்த இந்தியா எத்தகையது? 1896-97 பஞ்சம் அப்போதுதான் தணிந்திருந்தது. 1896 இல் பம்பாயில் தலைகாட்டிய கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. நோய்த் தடுப்பு என்ற பெயரில் நடந்த கொடுமைகளால் கொதிப்படைந்த சாபேகர் சகோதரர்கள் 1897 ஜூனில் புனேயில் றான்ட் என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டில் திலகர் இராசத்துரோகக் குற்றச்சாட்டில் சிறை சென்றார். பயணத்தின் இறுதிப் பகுதி 1899-1900 பெரும் பஞ்சத்தின் காலம்.

ஆனால் அவர்களது நூலின் நாட்டம் பழங்காலக் கட்டடக்கலை. கோயில்கள், மண்டபங்கள், சிற்பங்கள், அவற்றின் புகைப்படங்கள். மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் ஜாதகக் கதைகளையும் அறிந்து, அவற்றின் துணைகொண்டு சிற்பங்களைப் புரிந்துகொள்ள அவர்கள் முயன்றார்கள். அக்கால மேல்நாட்டுப் பயணிகளில் பெரும்பாலானோர் இதைக்கூடச் செய்ததில்லை. ஆங்கில அதிகாரிகளின் விருந்துகளில் காலம் கழிப்பதைவிடக் கோயில் வாசல்களிலே நின்றதை நாம் பாராட்டத்தான் வேண்டும். எனினும், கல்லிலே செதுக்கிய மனிதனிடம் காட்டிய பொறுமையை உயிருள்ள மனிதனிடம் அவர்கள் காட்டவில்லை. அவர்களைப் பற்றிய என் மனக்குறை இதுவே.

இன்னொன்றையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். இவர்கள் இலங்கையில் வண்டி மிதித்த அதே நூற்றாண்டில், வேறு பல தம்பதியரும் நெடும்பயணம் செய்தார்கள். தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். முதலில் கோப்பித் தோட்டத்துக்கு, பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கு. முன்னால் கங்காணி, பின்னால் மனைவி, இடுப்பில் பிள்ளை. வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரம். வேர்க்மன் தம்பதியரின் பொதியில் இருந்த தேயிலை எந்தத் தோட்டத்தில் விளைந்ததாயினும், அக்காலத்தில் உலகெங்கும் சென்ற இலங்கைத் தேயிலை இத்தகைய நடைப்பயணிகள் கொழுந்து கிள்ளியதுதான். அவர்களது பயணத்துக்கு 'சாகசம்' என்று எவரும் பெயரிடவில்லை. இருசாராரையும் ஒரே தராசில் நிறுக்க நான் முனையவில்லை. விரும்பிச் செய்யும் துன்பத்துக்கும் வேறு வழியின்றிச் செய்யும் துன்பத்துக்கும் வரலாறு வெவ்வேறு பெயர்களைச் சூட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கணவனும் மனைவியும்

குறைகளைச் சொன்னபின் நிறைவைச் சொல்லாவிடில் அது அநீதி. வேர்க்மன் தம்பதியரின் இல்லறத்தில் நான் வியக்கும் ஒரு விடயம் உண்டு. மலைப் பயணங்களில் அவர்கள் பொறுப்புகளை முறைவைத்து மாற்றிக்கொண்டார்கள். ஓராண்டு ஒருவர் பயண ஏற்பாடுகளைக் கவனித்தால், மற்றவர் அளவீடு முதலிய ஆய்வுப் பணிகளைப் பார்ப்பார். மறு பயணத்தில் இடம் மாறும். மனைவி தலைமை தாங்கும் பயணத்தில் கணவன் அவரது கட்டளைக்கு உட்பட்டார். விக்ரோறியா மகாராணியின் காலத்தில் வளர்ந்த ஓர் ஆண் இவ்வாறு நடந்தது சிறிய செய்தியன்று. இன்றும் நம் வீடுகளில் எத்தனை ஆண்கள் இதற்கு உடன்படுவார்கள்?

1899 இல் கராக்கோரத்தில், மத்தியாஸ் சூர்பிறிகன் என்ற புகழ்பெற்ற வழிகாட்டியின் துணையுடன் சுமார் 21,000 அடி உயரம் ஏறினார்கள். அங்கே ஒரு சிகரத்துக்கு இறந்துபோன மகனின் பெயரைச் சேர்த்து 'சீக்ஃபிரீட்ஹோர்ன்' என்று பெயர் வைத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழிந்தும், ஆயிரக்கணக்கான மைல்கள் ஓடியும், அந்தப் பிள்ளை அவர்களுடனேயே வந்திருக்கிறான்.

1905 இல் லண்டனிலுள்ள அரச புவியியற் கழகத்தில் ஃபானி உரையாற்றினார். அவருக்கு முன் அங்கு உரையாற்றிய பெண் இசபெல்லா பேர்ட் ஒருவரே. 1906 இல், நாற்பத்தேழாவது வயதில், நுன்குன் மலைத்தொகுதியின் ஒரு சிகரத்தில் ஃபானி ஏறினார். அது ஏறத்தாழ 22,700 அடி. பெண்களுக்கான அந்த உயரச் சாதனையை 1934 வரை எவரும் முறியடிக்கவில்லை.

1911, 1912 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை அவர்களது இறுதிப் பெரும் பயணங்கள். இடம், எழுபது கிலோமீற்றருக்கு மேல் நீளமான சியாச்சின் பனியாறு. கணவனுக்கு அறுபத்தைந்து, மனைவிக்கு ஐம்பத்துமூன்று. 1912 பயணத்தின் தலைமை ஃபானியிடம். பனியாற்றைக் கிராண்ட் பீற்றர்கின் என்ற அளவையாளர் வரைபடமாக்கினார். ஃபானியுடன் நடந்த செசாரே செனோஸ் என்ற இத்தாலியச் சுமைகாரர் பனிப்பிளவில் வீழ்ந்து இறந்தார். ஃபானி மயிரிழையில் தப்பினார். சுமந்தவர்களில் பெயரோடு நினைவுகூரப்படுபவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் இவர், அதுவும் மரணத்தினால்.

அதே பயணத்தில் சுமார் 21,000 அடி உயரத்துப் பனிவெளியில் 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற வாசகம் தாங்கிய பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி ஃபானி நிற்கும் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. வாக்குரிமைப் போராட்டத்தின் மிக உயரமான பதாகை என்று அதனைச் சொல்லலாம். அந்தப் படத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு இரு உணர்வுகள் எழுகின்றன. ஒரு பெண் தன் உரிமைக்காக அவ்வளவு உயரம் ஏறினாள் என்ற பெருமிதம் ஒன்று. அவ்வளவு உயரத்துக்கு அவளது பொருட்களைச் சுமந்தவர்களின் உரிமை அந்தப் படத்துக்குள் வரவில்லையே என்ற வருத்தம் மற்றொன்று. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. இரண்டும் உண்மை.

பின்னர் நிகழ்ந்தவை

சியாச்சினின் வடகோடியிலுள்ள கணவாய்க்கு ஃபானி 'இந்திரா' என்று பெயரிட்டார். இலக்குமியின் மறுபெயர் அது. இந்திரா காந்தி பிறந்தது 1917 இல் என்பதால், அப்பெயருக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1984 ஏப்ரலில், இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோதுதான் இந்தியப் படைகள் அப்பனியாற்றைக் கைப்பற்றின. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வரும்வரை இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே மோதின. குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்ற சிப்பாய்களே அதிகம். வீரத்துக்காக ஒரு தம்பதியர் விரும்பிச் சென்ற இடத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் கட்டளைக்காக நிற்க நேர்ந்தது.

ஃபானி 1925 இல் பிரான்ஸின் கான் நகரில் காலமானார். நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 125,000 டொலரை விட்டுச் சென்றார். தாம் நடந்த தெருவில் பிற பெண்களும் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. உடல்நலமில்லை என்று 1889 இல் ஓய்வு பெற்ற வில்லியம், தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து 1937 இல் மறைந்தார். வூஸ்ரர் நகரின் இடுகாட்டில் இருவரது சாம்பலும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. இமயமலையின் முன்னோடி ஆய்வாளர்கள் என்று நினைவுக்கல் கூறுகிறது.

மகள் றேச்சல்? பெற்றோர் மலைகளில் இருந்த காலத்தில் அவர் புவிச்சரிதவியல் கற்றார். 1919 இல் லண்டன் புவிச்சரிதவியற் சங்கம் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்ட பெண்களுள் அவரும் ஒருவர். கான்பூரில் கம்பளி ஆலைகளை நடத்திய அலெக்சாந்தர் மக்றொபேட்டை 1911 இல் மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள். மூவரும் விமான ஓட்டிகள். மூத்தவர் 1938 இல் விமான விபத்தில் இறந்தார். மற்ற இருவரும் இரண்டாம் உலகப் போரில், 1941 இல், ஒரு மாத இடைவெளியில் மாண்டனர். றேச்சல் 25,000 பவுணை அரசாங்கத்துக்குக் கொடுத்து ஒரு குண்டுவீச்சு விமானம் வாங்கச் சொன்னார். 'மக்றொபேட்டின் பதில்' என்று அதற்குப் பெயர்.

மூன்று பிள்ளைகளையும் போருக்குக் கொடுத்த தாய்மார் நம் மண்ணிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் 25,000 பவுண் இருக்கவில்லை. அவர்கள் கேட்டதும் விமானம் அன்று. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு ஒரு பதில்.

ஒரு சிறுவனின் மரணத்தோடு தொடங்கிய இக்குடும்பத்தின் ஓட்டம், மூன்று இளைஞரின் மரணத்தில் வந்து நிற்கிறது. இடையில் பதினாலாயிரம் மைல், எத்தனையோ சிகரங்கள், பல நூல்கள். இவர்களைக் கொண்டாடுவதா, கண்டிப்பதா என்று கேட்கும் வாசகருக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தத் தெருவோரத்தில் அருகருகே குந்தியிருந்து ரயருக்கு ஒட்டுப்போட்ட கணவனையும் மனைவியையும் மதியுங்கள். பிறகு, பயண நூல் எதைத் திறந்தாலும், என் மனைவி கேட்ட கேள்வியையும் மறவாமல் கேளுங்கள்: தலையணையை ஆர் சுமந்தது?